கடலை நிரப்பி எழுந்த பூங்கா: டோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டுக்கு முதல் பயணம்

பெரிய தீம் பார்க் ரிசார்ட் ஒன்றுக்கு முதன்முறையாகச் செல்லும் குடும்பத்துக்கு அங்கே எல்லாவற்றையும்விடத் தட்டுப்பாடாக இருப்பது நேரம். தீம் பார்க் என்பது ஒரு கதையையோ காலத்தையோ நிலப்பரப்பையோ மையமாகக் கொண்டு, கட்டடம், இசை, உணவு, பணியாளரின் உடை ஆகிய அனைத்தையும் அதற்கு இசைவாக அமைத்த பொழுதுபோக்குப் பூங்கா; அத்தகைய பூங்காக்களோடு தங்கும் விடுதிகளும் கடைத்தெருவும் உள்போக்குவரத்தும் சேர்ந்த பெருவளாகமே ரிசார்ட் எனப்படுகிறது. அங்கே பார்க்க விரும்புபவை எப்போதும் ஒரு நாளில் பார்க்கக் கூடியவற்றைவிட மிகுதி என்பதால், பயணத் திட்டம் எதையெல்லாம் பார்ப்பது என்ற பட்டியலாகத் தொடங்கினாலும் எதையெல்லாம் விட்டுவிடுவது என்ற தீர்மானத்தில்தான் முடிய வேண்டும். அந்தத் தீர்மானத்தை வாயிலில் நின்று எடுப்பதைவிட வீட்டில் உட்கார்ந்து எடுப்பது எவ்வளவு மேலானது என்பதை ஜப்பானின் டோக்கியோ டிஸ்னி ரிசார்ட் நன்கு உணர்த்துகிறது.

பெயரில் டோக்கியோ இருந்தாலும் ரிசார்ட் அமைந்திருப்பது தலைநகருக்குக் கிழக்கே, டோக்கியோ விரிகுடாவின் ஓரத்தில், சிபா மாகாணத்தைச் சேர்ந்த உராயாசு நகரில். சிப்பியும் கடற்பாசியும் எடுத்துப் பிழைத்த மீனவர்களின் ஊராக இருந்த உராயாசுவின் கரையோரக் கடலை மண்ணிட்டு நிரப்பும் பணி, 1960இல் நிறுவப்பட்ட ஓரியண்டல் லேண்ட் நிறுவனத்தால் 1964இல் தொடங்கப்பட்டது. மீனவர்கள் தம் மீன்பிடி உரிமையைக் கைவிட்டதால் கிடைத்த அந்தப் புதுநிலத்தில், வால்ட் டிஸ்னி நிறுவனத்துடன் 1979இல் செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டின்படி, 1983 ஏப்ரல் 15 அன்று டோக்கியோ டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு வெளியே எழுந்த முதல் டிஸ்னி பூங்கா அதுவே. அதன் அருகே 2001 செப்டம்பர் 4 அன்று டோக்கியோ டிஸ்னிசீ என்ற இரண்டாம் பூங்கா திறக்கப்பட்டது. இரண்டையும் இன்றும் ஓரியண்டல் லேண்ட் நிறுவனமே சொந்தமாக வைத்து நடத்துகிறது. டிஸ்னி நிறுவனம் உரிமத்தொகை மட்டும் பெறுகிறது. இந்தச் செய்தி பயணிக்கு வெறும் வரலாறாக நின்றுவிடுவதில்லை. புளோரிடாவிலும் பாரிசிலும் செல்லுபடியாகும் செயலிகள், சலுகைகள், முன்பதிவு முறைகள் ஆகியவை டோக்கியோவில் செல்லாது என்பதற்கு இந்தத் தனி உரிமையே முதன்மையான காரணம். அமெரிக்கப் பூங்காக்களில் பழகிய உறவினர் நல்லெண்ணத்தோடு சொல்லும் அறிவுரைகளிலும் பாதி இங்கே பொருந்தாமற்போகும்.

வளாகத்தின் அமைப்பு எளியது. டோக்கியோ நிலையத்திலிருந்து கெய்யோ ரயில் பாதையில் ஏறக்குறைய 15 நிமிடப் பயணத்தில் மைஹாமா நிலையம் வருகிறது. நிலையத்தை விட்டு வெளியேறினால் நடந்து செல்லும் தொலைவிலேயே டிஸ்னிலாந்தின் வாயில் இருக்கிறது. இரு பூங்காக்களையும் விரிகுடாவை ஒட்டிய விடுதிகளையும் ரயில் நிலையத்தையும் ஒரு மோனோரயில் இணைக்கிறது. நான்கு நிறுத்தங்களைக் கொண்டு ஒரே திசையில் வட்டமாகச் சுற்றும் இந்த ரயிலின் சன்னல்கள் மிக்கி எலியின் தலை வடிவில் அமைந்திருப்பதால் குழந்தைகளுக்கு அதுவே ஒரு சவாரியாகிவிடுகிறது என்றாலும், அது இலவசமன்று, தனிக் கட்டணம் உண்டு. இதைவிட முக்கியமானது, ஒரு நாள் சீட்டு ஒரு பூங்காவுக்கு மட்டுமே உரியது என்பதாகும். காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்று ஒரே சீட்டில் இரண்டையும் பார்த்துவிட எண்ணி வருவோர் ஏமாற வேண்டியிருக்கும். ஆகவே இரு பூங்காக்களையும் பார்க்க விரும்புவோர் இரண்டு நாள்கள் ஒதுக்க வேண்டும். ஒரே நாள் உள்ளவர்கள் எந்தப் பூங்கா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

டிஸ்னிலாந்து, நடுவே சிண்ட்ரெல்லா கோட்டையும் அதைச் சுற்றி ஏழு பகுதிகளும் கொண்ட, உலகின் பிற டிஸ்னி பூங்காக்களோடு உறவு தெரியும் பூங்கா. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான சவாரிகள் இங்கே மிகுதி. தண்டவாளமே இல்லாமல் தேன்குடம் போன்ற வண்டிகள் தத்தம் வழியில் சுழன்று செல்லும் பூ கரடியின் தேன்வேட்டை, 2020இல் திறக்கப்பட்ட அழகியும் அரக்கனும் கதையின் சவாரி ஆகிய இரண்டும் உயரக் கட்டுப்பாடு இல்லாமல் அனைவரும் ஏறக்கூடியவை. டிஸ்னிசீ போன்ற பூங்காவோ உலகில் வேறெங்கும் இல்லை. எட்டுத் துறைமுகங்களாகப் பிரிக்கப்பட்ட அந்தப் பூங்காவின் நடுவில் புரோமிதியஸ் என்ற செயற்கை எரிமலை எழுந்து நிற்கிறது. நுழைந்தவுடன் இத்தாலியத் துறைமுகம், அதைக் கடந்தால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து நியூயார்க், அப்பால் அரேபியக் கடற்கரை, மத்திய அமெரிக்கக் காட்டாறு என்று நடக்க நடக்க நிலம் மாறிக்கொண்டே போகிறது. அங்குள்ள டவர் ஆஃப் டெரர் சவாரியை எடுத்துக்கொண்டால் இந்தப் பூங்காவின் இயல்பு விளங்கும். ஹாரிசன் ஹைட்டவர் என்ற செல்வந்தர் உலகெங்கும் சென்று கலைப்பொருள்களைக் கவர்ந்து வந்து தம் விடுதியில் குவித்தார் என்றும், ஆப்பிரிக்காவிலிருந்து கொணர்ந்த ஒரு சிலையின் சாபத்தால் 1899ஆம் ஆண்டின் இறுதி இரவில் மின்தூக்கியோடு மறைந்தார் என்றும் டோக்கியோவுக்கென்றே புனைந்த கதை ஒன்று அங்கே சொல்லப்படுகிறது. வரிசையில் நிற்பவர் கடந்து செல்லும் கூடங்களின் ஓவியங்களும் பொருள்களும் அந்தக் கதையைச் சிறிது சிறிதாக அவிழ்க்கின்றன. கதை தெரியாமல் போனவருக்கு அது விழுந்தெழும் மின்தூக்கி மட்டுமே. தெரிந்து போனவருக்குக் காத்திருக்கும் நேரமும் காட்சியாகிறது. சிறு குழந்தைகள் இல்லாத குடும்பம் ஒரே ஒரு நாளை ஒதுக்க முடியுமானால் அது டிஸ்னிசீக்கு உரிய நாளாக இருப்பதே தக்கது. கைக்குழந்தையும் மழலையும் உடன்வரும் குடும்பத்துக்கு டிஸ்னிலாந்தே வசதியானது. டிஸ்னிசீயில் ஏற்ற இறக்கங்களும் கரடுமுரடான தரையும் மிகுதி என்பதை முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

குழந்தைகளின் உயரத்தைப் புறப்படும் முன்பே வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்து வைப்பது மிகப் பயனுள்ள ஆயத்தம். ஸ்பிளாஷ் மவுண்டனுக்கு 90 செ.மீ., பிக் தண்டர் மவுண்டன், டவர் ஆஃப் டெரர், வானில் பறப்பதுபோன்ற உணர்வைத் தரும் சோரிங் ஆகியவற்றுக்கு 102 செ.மீ., இந்தியானா ஜோன்ஸ் சவாரிக்கும் எரிமலைக்குள் பாயும் பூமியின் நடுவுக்குப் பயணம் என்ற சவாரிக்கும் 117 செ.மீ. என்று குறைந்தபட்ச உயரங்கள் வகுக்கப்பட்டுள்ளன. பாதுகாப்புக் கருதிய இந்த அளவுகளில் பணியாளர் ஒரு சென்டிமீட்டரும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்த பின் அளவுகோலின் கீழ் நின்று திருப்பி அனுப்பப்படும் குழந்தையின் அழுகை அன்றைய நாளையே கெடுத்துவிடும். அது முற்றிலும் தவிர்க்கக்கூடிய ஏமாற்றம். உயரம் எட்டாத குழந்தையுடன் ஒரு பெற்றோர் வெளியே இருக்க, மற்றவர் சவாரி முடித்து வந்தபின் இவர் மீண்டும் வரிசையில் நிற்காமல் சென்றுவரும் முறைமாற்று ஏற்பாடும் இங்கே உண்டு. நுழைவிடத்துப் பணியாளரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எந்த நாளில் செல்வது என்பது அடுத்த கேள்வி. ஜப்பானியப் பள்ளிகளின் வசந்த விடுமுறை வரும் மார்ச் இறுதி, பல அரசு விடுமுறைகள் தொடர்ந்து வரும் ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம் வரையான பொன்வாரம், முன்னோர் வழிபாட்டுக்குரிய ஓபோன் வரும் ஆகஸ்ட் நடு, ஆண்டிறுதி ஆகியவை கூட்டம் பெருகும் காலங்கள். திங்கட்கிழமை விடுமுறையாகும் வார இறுதிகளும் அப்படியே. தமிழ்நாட்டுப் பள்ளி நாள்காட்டியோடு இதைப் பொருத்திப் பார்த்தால், அரையாண்டு விடுமுறையின் பெரும்பகுதி ஆண்டிறுதி நெரிசலில் அகப்படுகிறது. காலாண்டு விடுமுறை புயல்மழைப் பருவத்தில் விழுகிறது. கோடை விடுமுறையில் பொன்வாரம் கழிந்த பின்வரும் மே மாத வாரநாள்களே வெயிலும் குளிரும் கடுமையாக இல்லாத தக்க காலமாக எஞ்சுகின்றன. அந்நாள்களிலும் சீருடை அணிந்த பள்ளிச் சுற்றுலாக் குழுக்களைக் காணலாம் என்றாலும் விடுமுறை நெரிசலோடு ஒப்பிட அது பொறுத்துக்கொள்ளத் தக்கதே. சூன் தொடங்கி சூலை நடுப்பகுதி வரை அங்கே மழைக்காலம். ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கம் சென்னைவாசிகளையும் வாட்டும் அளவுக்குக் கடுமையானது. சனவரி, பிப்ரவரி மாதங்களில் விரிகுடாவிலிருந்து வீசும் காற்று வெப்பமானி காட்டுவதைவிட மிகுதியான குளிரை உணரச் செய்யும். சவாரிகள் பராமரிப்புக்காக மாதக்கணக்கில் மூடப்படுவதும் உண்டு. அந்தக் கால அட்டவணை பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே வெளியிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, டிஸ்னிலாந்தின் புகழ்பெற்ற ஸ்பேஸ் மவுண்டன் 2024 சூலை 31 உடன் மூடப்பட்டு, 2027இல் புதிய வடிவில் திறக்கும் திட்டத்தோடு மறுகட்டுமானம் செய்யப்படுகிறது. விமானச் சீட்டு வாங்குமுன் இந்த அட்டவணையைப் பார்த்துவிடுவது நல்லது.

நுழைவுச் சீட்டின் விலை நாளுக்கு நாள் மாறுகிறது. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 18 வயது நிரம்பியோருக்கு ஒரு நாள் சீட்டு 7,900 யென் முதல் 10,900 யென் வரையும், 4 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 4,700 யென் முதல் 5,600 யென் வரையும் வேறுபடும். இடைப்பட்ட 12 முதல் 17 வயதினருக்குத் தனிக் கட்டணம். மூன்று வயது வரை இலவசம். விலை உயர்ந்த நாள் என்றால் நிர்வாகமே அன்று கூட்டத்தை எதிர்பார்க்கிறது என்று பொருள் என்பதால், கூட்டத்தை முன்கணிக்க விரும்புவோருக்கு இந்த விலைப்பட்டியலைவிட நம்பகமான குறிப்பு வேறில்லை. சீட்டுகள் இணையத்தில் தேதி குறித்து விற்கப்படுகின்றன. இரண்டு மாதங்களுக்கு முன்னதாக, ஜப்பானிய நேரம் பிற்பகல் 2 மணிக்கு, அதாவது இந்திய, இலங்கை நேரப்படி முற்பகல் 10.30 மணிக்கு, விற்பனை தொடங்கும். வாங்கிய சீட்டின் தேதியை மாற்றிக்கொள்ளலாம், பணத்தைத் திரும்பப் பெற முடியாது. வெளிநாட்டு வங்கி அட்டைகளை விற்பனைத்தளம் சில வேளைகளில் ஏற்பதில்லை. அப்போது அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கப்பட்ட பயண விற்பனை நிறுவனங்கள் வழியே வாங்குவதே பாதுகாப்பானது. தெருமுனையிலோ முகநூலிலோ பிறர் விற்கும் சீட்டுகளைத் தொடாமல் இருப்பது நலம்.

இனி வரிசை. ஒரு சவாரியின் முன் நிற்கும் கூட்டத்தின் நீளத்தைவிட, அந்தச் சவாரி ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி அனுப்புகிறது என்பதே காத்திருப்பைத் தீர்மானிக்கிறது. எட்டுப் பேர் அமரும் வண்டி 20 விநாடிக்கு ஒன்று புறப்படுவதாகக் கொண்டால் மணிக்கு 1,440 பேர் செல்ல முடியும். முன்னால் 720 பேர் நின்றால் அரை மணி நேரத்தில் முறை வந்துவிடும். ஆனால் அந்த இருக்கைகளில் பாதியை வேறொரு வாயில் வழியே முன்னுரிமை பெற்று வருவோருக்கு ஒதுக்கினால், அதே 720 பேருக்குப் பின்னால் நிற்பவர் ஒரு மணி நேரம் காத்திருக்க நேரும். பொதுவரிசை அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும் இடங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். திருப்பதியில் பொது தரிசனத்துக்கும் கட்டண தரிசனத்துக்கும் நேரம் குறித்த டோக்கனுக்கும் உள்ள உறவை அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் ஏற்பாடு எளிதில் விளங்கும்.

டோக்கியோவில் முன்னுரிமை பல வடிவங்களில் வழங்கப்படுகிறது. முன்பு வரிசையில் நிற்காமல் குறித்த நேரத்தில் வரச்சொல்லும் இலவச ஃபாஸ்ட்பாஸ் முறை இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்தப்பட்ட அது மீளவில்லை. 2022இல் அறிமுகமான டிஸ்னி பிரீமியர் ஆக்சஸ், புகழ்பெற்ற சில சவாரிகளுக்கும் ஊர்வலக் காட்சியிடங்களுக்கும் தலைக்கு 1,500 யென் முதல் 2,500 யென் வரை கட்டணம் பெற்று நேரம் ஒதுக்குகிறது. நால்வர் கொண்ட குடும்பம் 2,000 யென் சவாரி ஒன்றுக்கு 8,000 யென் கொடுக்க நேரும் என்பதால், வரிசை ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓரிரு சவாரிகளுக்கு மட்டும் அதை வாங்குவதே பொருத்தமானது. 2023இல் தொடங்கிய பிரையாரிட்டி பாஸ் அதேபோன்ற நேர ஒதுக்கீட்டை வேறு சில சவாரிகளுக்குக் கட்டணமின்றித் தருகிறது. கூட்டம் கட்டுக்கு மீறும் இடங்களில், வரிசையில் நிற்பதற்கே அனுமதி தரும் ஸ்டாண்ட்பை பாஸ் என்ற ஒன்றும், சில மேடை நிகழ்ச்சிகளுக்கு நுழைவு வேண்டிக் குலுக்கலில் பங்கேற்கும் முறையும் உண்டு. இவையனைத்தும் திறன்பேசிச் செயலி வழியாக மட்டுமே, அதுவும் பூங்காவுக்குள் நுழைந்த பிறகே கிடைக்கும். ஒன்றைப் பெற்றபின் அடுத்ததைப் பெறக் குறிப்பிட்ட இடைவெளி காத்திருக்க வேண்டும். எந்தச் சவாரி எந்தப் பட்டியலில் உள்ளது என்பது அவ்வப்போது மாறுவதால், பயணத்துக்கு முந்தைய வாரத்தில் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

ஆதலால் திட்டத்தின் பெரும்பகுதி காலை முதல் மணி நேரத்தைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். செயலியைச் சொந்த ஊரிலேயே பதிவிறக்கிக் கணக்குத் தொடங்கி, வங்கி அட்டையைப் பதிந்து, குடும்பத்தார் அனைவரின் சீட்டுகளையும் ஒரே கைப்பேசியில் சேர்த்து வைத்திருப்பவர், வாயிலைக் கடந்த ஒரு நிமிடத்துக்குள் எல்லோருக்கும் சேர்த்து நேரம் பெற்றுவிடலாம். அந்த நிமிடத்தில் கடவுச்சொல்லைத் தேடுபவருக்கும் வங்கியின் ஒருமுறைக் குறியெண் இந்தியக் கைப்பேசி எண்ணுக்கு வந்து சேராமல் தவிப்பவருக்கும் பகல் முழுவதும் அதன் விளைவு தொடரும். பூங்கா வழக்கமாகக் காலை 9 முதல் இரவு 9 வரை இயங்கினாலும், பைகளைச் சோதிக்கும் வரிசையும் நுழைவு வரிசையும் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுவதால், 8 மணிக்குள் வாயிலை அடைவது விவேகம். செய்ய வேண்டியவற்றில் மூன்றை மட்டும் கட்டாயமானவை என்று குறித்துக்கொண்டு, அவற்றுள் ஒன்றுக்குக் கட்டணமும் ஒன்றுக்கு இலவச ஒதுக்கீடும் பெற்று, எஞ்சிய ஒன்றுக்குத் திறந்தவுடன் நேரே நடந்துபோய் நிற்பது, கூட்ட நாளிலும் கைகூடும் திட்டமாகும். டிஸ்னிசீயில் 2024 சூன் 6 அன்று திறக்கப்பட்ட ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் என்ற எட்டாம் துறைமுகம், ஃப்ரோசன், ரபன்சல், பீட்டர் பேன் கதைகளின் சவாரிகளைக் கொண்டது. கூட்டத்தின் பெரும்பகுதி காலையில் அங்கே பாய்வதால், அதில் நாட்டமில்லாதவர்களுக்கு எதிர்த்திசையில் உள்ள பழைய சவாரிகள் அந்நேரத்தில் எளிதாக வாய்க்கின்றன.

ஊர்வலத்தைக் காணும் முறை ஜப்பானுக்கே உரிய ஒழுங்கோடு நடக்கிறது. ஊர்வலம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது பார்வையாளர்கள் பாதையோரத்தில் சிறு விரிப்புகளை விரித்து அமர்கின்றனர். முன்வரிசையினர் அனைவரும் உட்கார்ந்தேயிருக்க வேண்டும், நிற்க விரும்புவோர் பின்னால் போக வேண்டும். குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துப் பின்னிருப்பவரின் பார்வையை மறைப்பதைப் பணியாளர் மென்மையாகத் தடுப்பர். ஆளுக்கு ஓர் அடி அகலமுள்ள விரிப்பு, உள்ளங்கை விளக்கு போன்ற பொம்மை, ஒரு பெட்டி பாப்கார்ன் ஆகியவற்றோடு ஆயிரக்கணக்கானோர் சத்தமின்றி அமர்ந்திருக்கும் அந்தக் காட்சி, இரவில் பல்லாயிரம் விளக்குகளோடு வரும் எலக்ட்ரிகல் பரேட் ஊர்வலத்துக்கு இணையாகப் பார்க்கத் தக்கது. வரிசையில் ஒருவர் இடம்பிடித்துப் பின்னர் எட்டுப் பேர் வந்து சேர்ந்துகொள்ளும் நம் பழக்கம் அங்கே பெருந்தவறாகக் கருதப்படும். கழிப்பறைக்குச் செல்ல வேண்டியவர்கள் வரிசையில் சேருமுன்பே சென்றுவருவது நல்லது.

சவாரிகளின் உரையாடல்கள் ஜப்பானிய மொழியிலேயே நிகழ்கின்றன. காட்டுப் படகுப் பயணத்தில் படகோட்டி சொல்லும் வேடிக்கைகளும் விளங்காமற்போகும். ஆயினும் வரைபடம், செயலி, எச்சரிக்கைப் பலகைகள் ஆகியவற்றில் ஆங்கிலம் இருப்பதாலும், பணியாளர்கள் கைச்சாடையாலேனும் உதவத் தயங்காததாலும், மொழியறியாமை பெருந்தடையாவதில்லை.

உணவே தமிழ்க் குடும்பங்களுக்கு உண்மையான சிக்கல். ஜப்பானியச் சமையலின் அடித்தளமான தாஷி என்ற சாறு பெரும்பாலும் உலர்த்திய சூரை மீனிலிருந்தும் கடற்பாசியிலிருந்தும் எடுக்கப்படுவது. ஆகவே காய்கறி மட்டுமே கண்ணுக்குத் தெரியும் குழம்பிலும் நூடுல்ஸிலும் மீன் கலந்திருக்க இடமுண்டு. டிஸ்னிசீயின் அரேபியக் கடற்கரையில் உள்ள கஸ்பா உணவகத்தில் நானும் கறிக்குழம்பும் கிடைத்தாலும் அவை பெரிதும் இறைச்சி சார்ந்தவை. சைவ உணவினர் ஒவ்வோர் உணவகத்தின் பட்டியலையும் செயலியில் முன்கூட்டியே பார்த்து, முடிந்தால் இடத்தையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். வெளியிலிருந்து உணவு கொண்டுசெல்லப் பொதுவாக அனுமதி இல்லை. குழந்தை உணவுக்கும் ஒவ்வாமை போன்ற தேவைகளுக்கும் விலக்கு உண்டு. கட்டிய புளியோதரையையும் தயிர்சாதத்தையும் வாயிலுக்கு வெளியே உள்ள உணவருந்தும் திடலில் வைத்து உண்டுவிட்டு, அதே நாளில் மீண்டும் உள்ளே நுழையலாம். உராயாசுவுக்கு அடுத்த எடோகாவா வட்டத்தில் நிஷிகசாய் என்ற பகுதி இருக்கிறது. 2000ஆம் ஆண்டையொட்டிக் கணினித்துறைப் பணிக்காக வந்த இந்தியக் குடும்பங்கள் செறிந்து வாழும் அப்பகுதியில் தென்னிந்திய உணவகங்களும் மளிகைக் கடைகளும் உள்ளன. அங்கே ஓர் எளிய விடுதியில் தங்கினால் காலையில் இட்லியும் கிடைக்கும், பூங்காவுக்குச் செல்லும் தொலைவும் குறையும்.

டிஸ்னியின் பெயர் தாங்கிய விடுதிகளில் தங்குவோருக்குப் பொதுமக்களுக்கு 15 நிமிடம் முன்னதாக நுழையும் சலுகை உண்டு. டிஸ்னிசீயின் துறைமுகத்தைப் பார்த்தபடி பூங்காவோடு ஒட்டி நிற்கும் மிராகோஸ்டா விடுதியின் அறைகள் அவற்றுள் மிக விலை உயர்ந்தவற்றைச் சேர்ந்தவை. வரிசையின் இயல்பை அறிந்தவருக்கு அந்த 15 நிமிடத்தின் மதிப்புத் தெரியும். எனினும் முதன்முறை செல்லும் நடுத்தரக் குடும்பம் அதற்காக வரவு செலவைக் குலைத்துக்கொள்ளத் தேவையில்லை. டோக்கியோ நகருக்குள் தங்குவோர் ஒன்றை மறக்கலாகாது: டோக்கியோ நிலையத்தின் கெய்யோ நடைமேடைகள் பிற பாதைகளிலிருந்து வெகு தொலைவில், நிலத்தடியில் இருப்பதால், ரயில் மாறவே கால்மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். கைக்குழந்தையோடு செல்வோர் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாரிட்டா, ஹானெடா ஆகிய இரு விமான நிலையங்களிலிருந்தும் ரிசார்ட்டுக்கு நேரடிப் பேருந்துகள் உண்டு.

இயற்கை குறுக்கிடும் வேளைகளும் திட்டத்தில் இடம்பெற வேண்டும். கடலோரமாகச் செல்லும் கெய்யோ பாதை பலத்த காற்றில் நிறுத்தப்படுவது வழக்கம். அப்போது பேருந்தில் உராயாசு நிலையத்தை அடைந்து தோசாய் சுரங்கப்பாதை ரயிலைப் பிடிக்கலாம். காற்று வலுத்தால் வாணவேடிக்கையும் நீர்மேல் நிகழும் காட்சிகளும் கைவிடப்படும். மழைக்கென்றே டிஸ்னிலாந்தின் நுழைவுக் கடைத்தெரு முழுவதும் கண்ணாடிக் கூரையால் மூடப்பட்டுள்ளது. சிறு நிலநடுக்கத்திலும் சவாரிகள் நிறுத்தப்பட்டு, சோதனைக்குப் பின்னரே மீண்டும் ஓடும். 2011 மார்ச் 11 பெருநிலநடுக்கத்தின்போது ஏறக்குறைய 70,000 பேர் இரு பூங்காக்களிலும் இருந்தனர். பணியாளர்கள் கடைகளிலிருந்த துணிப் பொம்மைகளைக் கொடுத்துத் தலையைக் காத்துக்கொள்ளச் சொன்னதும், ரயில்கள் நின்றுபோனதால் வீடு திரும்ப முடியாத ஏறக்குறைய 20,000 பேர் உணவும் போர்வையும் தரப்பட்டு அங்கேயே இரவைக் கழித்ததும் ஜப்பானில் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. வாகன நிறுத்துமிடத்தில் நிலம் குழைந்து சேறு பொங்கியபோதும், முன்கூட்டியே உறுதிப்படுத்தப்பட்டிருந்த பூங்காவின் தரை பெரிதும் தாங்கி நின்றது. நடுக்கம் வந்தால் ஓடாமல் அமர்ந்து பணியாளர் சொற்படி நடப்பதே போதும் என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வைக்கலாம்.

முதியோருடன் செல்பவர்கள் பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை வெளியேறி ஓய்வெடுத்து மாலையில் திரும்புவது நன்று. அந்நேரத்தில்தான் வரிசைகளும் மிக நீளும். ஒரு முழு நாளுக்கு உடல்நிலை இடங்கொடாதவர்களுக்கு, வாரநாள்களில் மாலை 5 மணிக்கும் வார இறுதிகளில் பிற்பகல் 3 மணிக்கும் நுழையும் விலை குறைந்த சீட்டுகள் விற்கப்படுகின்றன. சவாரிகளைவிட விளக்கொளியையும் ஊர்வலத்தையும் விரும்புவோருக்கு அவையே போதுமானவை. நினைவுப் பொருள்களைப் பகலில் வாங்கிச் சுமந்து திரியவோ, பூங்கா மூடும் நேரத்தில் கடைகளில் நெருக்கியடிக்கவோ வேண்டியதில்லை. மைஹாமா நிலையத்துக்கும் டிஸ்னிலாந்து வாயிலுக்கும் இடையே பெரிய பயணப்பெட்டி வடிவில் நிற்கும் போன் வோயாஜ் கடைக்குள் செல்ல நுழைவுச் சீட்டே தேவையில்லை என்பதால், ஊர் திரும்பும் நாளின் காலையில் அங்கே நிதானமாக வாங்கிக்கொள்ளலாம்.